விசைப்படகில் சுழல்விசிறியின் உயரம்

கடலை அடுத்து வாழ்பவர்க்குப் படகு புதிதன்று. சென்னையின் தென்பகுதியில் நொச்சிக்குப்பம் தொடங்கிப் பட்டினப்பாக்கம், அடையாற்று முகத்துவாரம், ஊரூர்க் குப்பம் ஈறாக உள்ள மணற்கரையெங்கும் கண்ணாடி நாரிழைப் படகுகள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருத்தலை நாள்தோறும் காண்கின்றோம். அவற்றுட் பலவற்றின் பின்புறத்தே நீண்டு உயர்ந்து நிற்கும் இரும்புத் தண்டையும், அதன் நுனியிலுள்ள சிறு விசிறியையும் பலரும் கண்டிருப்பர். ஆயினும் அவ்விசிறி நீரில் இறங்கியபின் எவ்வளவு ஆழத்தில் நிற்றல் வேண்டும், அந்நிலையில் ஓர் அங்குலம் கூடினும் குறையினும் விளைவது யாது என்னும் வினாக்களை எழுப்பிக் கொண்டோர் சிலரே ஆவர்.

இவ்வினா அற்பமானதன்று. பந்தயப் படகு செலுத்துபவனுக்கு இது வெற்றி தோல்வியைப் பற்றியது. வலைப்படகு செலுத்துபவனுக்கோ எரிபொருட் செலவையும், அலைவாயிற் கடக்கும்போது உயிரையும் பற்றியது. ஒரே யந்திரத் தத்துவம் இவ்விருவர்க்கும் நேர்மாறான இரு விடைகளைத் தருகின்றது. அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு ஒருவாறு விளக்க முயல்வாம்.

விசிறியின் வரலாறு

நீராவிக் கப்பல்கள் தோன்றிய காலத்தில் அவற்றின் இருமருங்கும் சுழன்ற துடுப்புச் சக்கரங்களே கப்பலை உந்தின. 1836-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரான்ஸிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவரும், ஸ்வீடன் தேசத்தவராகிய ஜான் எரிக்ஸன் என்பவரும் தனித்தனியே திருகுவிசிறிக்கு உரிமைச் சாசனம் பெற்றனர். ஸ்மித் முதலில் அமைத்தது இரண்டு முழுப்புரிகளையுடைய மரத்திருகு. பாடிங்டன் கால்வாயில் அதனைச் சோதிக்கும்போது ஏதோ ஒன்றில் மோதி அதன் பாதி உடைந்து போயிற்று; உடைந்தபின் படகு முன்னிலும் வேகமாக ஓடிற்று! விபத்தே ஆசிரியனாக அமைந்த நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று. 1845-இல் ஆங்கிலக் கடற்படையார் விசிறி பூண்ட ராட்லர் என்னும் கப்பலையும், சக்கரம் பூண்ட அலெக்டோ என்னும் கப்பலையும் பின்புறம் சேர்த்துக் கட்டி எதிரெதிராக இழுக்கச் செய்தனர். ராட்லர் மற்றதனைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. அன்றுமுதல் விசிறியின் ஆட்சி நிலைபெற்றது.

பின்னர், 1894-இல் சார்லஸ் பார்ஸன்ஸ் டர்பினியா என்னும் நீராவிச் சுழலிக் கப்பலை இயற்றினார். யந்திரம் வலியதாயிருந்தும் கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எய்தவில்லை. விசிறி மிகு விரைவாகச் சுழலும்போது அதன் இலைகளின் முதுகில் அழுத்தம் குன்றி, நீரே ஆவியாகிக் குமிழிகள் தோன்றுதலை அவர் கண்டார். நீரைப் பற்ற வேண்டிய இலைகள் வெற்றிடத்தைப் பற்றின. மூன்று தண்டுகளில் மும்மூன்று விசிறிகளை அமைத்து அக்குறையை நீக்கிய பின்னர், 1897-இல் அக்கப்பல் 34 நாட்டிற்கு மேற்பட்ட வேகத்தில் ஓடி உலகை வியப்பித்தது.

இவ்வாவிக் குமிழியினின்றும் வேறானது ஒன்று உண்டு. விசிறி நீர்மட்டத்திற்கு அண்மையில் சுழலுமாயின், மேலேயுள்ள காற்றையே அது கீழே உறிஞ்சிக்கொள்ளும். இதனைக் காற்றுக் கொள்ளுதல் என்று கூறுவாம். முன்னது வேகத்தால் விளைவது. பின்னது பெரும்பாலும் உயரத்தால் விளைவது. இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். நம் பொருள் பின்னதைப் பற்றியதே.

இருவகை விசை

இன்று சிறுபடகுகளை ஓட்டும் யந்திரங்களுள் இரண்டு வகைகளை ஈண்டு அறிதல் தகும். முதலாவது, யந்திரம் முழுவதும் படகிற்கு வெளியே பின்பலகையின்மேற் கவ்விநிற்கும் அவுட்போர்டு. அமெரிக்காவில் ஓலே எவின்ரூடு என்பவர் 1909-இல் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். மற்றொன்று ஸ்டெர்ன்டிரைவ் என்பது. இதில் இஞ்சின் படகினுள்ளே பின்பலகையை ஒட்டி இருக்கும். அதன் விசை பலகையின் துளைவழியே வெளிப்போந்து, பல்சக்கரங்களால் முதலிற் கீழ்நோக்கியும் பின்னர்ப் பின்னோக்கியும் நேர்கோணமாகத் திரும்பி விசிறியைச் சேரும். வெளியே தொங்கும் அவ்வுறுப்பைக் கால் என்று வழங்குவாம். அக்காலையே வலமும் இடமும் திருப்பிப் படகைத் திசைதிருப்புவர். வால்வோ பெண்டா நிறுவனத்தார் 1959-இல் அக்வாமாட்டிக் என்னும் பெயரால் இவ்வமைப்பை வெளியிட்டனர்.

இவ்விரண்டிற்கும் உயரத்தைப் பொறுத்தவரையில் பெரியதொரு வேற்றுமை உண்டு. அவுட்போர்டின் உயரம் தவறாயின் ஆணிகளைக் கழற்றி, வேறு துளைகளிற் பொருத்தி, சிறிது ஏற்றவோ இறக்கவோ கூடும். ஸ்டெர்ன்டிரைவின் உயரமோ பின்பலகையில் துளை வெட்டும் அன்றே முடிவாகிவிடுகின்றது. படகின் அடியிலிருந்து இஞ்சினது சுழல்தண்டின் நடுக்கோடு எத்தனை அங்குலம் உயர்ந்துள்ளது என்னும் அளவே விசிறியின் உயரத்தைக் கட்டுப்படுத்தும். பின்னர் மாற்ற விரும்பின், கீழ்க்காலைக் குறுகியதாக மாற்றுதல், இடையே தகட்டுத் துண்டு செருகுதல், அல்லது துளையை அடைத்து வேறு துளை வெட்டி இஞ்சினையே உயர்த்துதல் ஆகிய வழிகளே உண்டு. அவை யாவும் பொருட்செலவு மிக்கவை. ஆகலின் இங்கு வெட்டுமுன் அளத்தலே அறிவுடைமை.

உயர்த்துவதால் வரும் ஊதியம்

விசிறியை உயர்த்துவது எதற்காக? நீர் காற்றினும் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியுடையது. படகு மெல்லச் செல்லும்போது காலும் அதன் நுனியிலுள்ள பல்சக்கரப் பேழையும் நீரில் எழுப்பும் தடை சிறிதே. ஆனால் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். அதனை வெல்லுதற்கு வேண்டிய திறனோ மும்மடிக்கு ஏற்பப் பெருகும். வேகம் இரட்டித்தால் அவ்வுறுப்பை இழுப்பதற்கு மட்டுமே எட்டு மடங்கு திறன் தேவை. அதிவேகப் படகு தன் உடலின் பெரும்பகுதியை நீர்மேல் எழுப்பிக்கொண்டு ஓடுவது. உடல் எழுந்தபின் நீருள் எஞ்சி நிற்பன காலும் பேழையுமே. ஆதலின் அவற்றை ஓர் அங்குலம் உயர்த்தினும் வேகம் கூடுவது தெளிவாகப் புலப்படும்.

இவ்வழியே மேலும் சென்றவர்கள் விசிறியின் ஒரு பாதி நீரிலும் மறுபாதி காற்றிலும் சுழலுமாறு அமைத்தனர். இதற்கென்றே இலைகளின் ஓரம் சிறிது வளைத்து, கூர்மையாகவும் வலிமையாகவும் செய்யப்பட்ட விசிறிகள் உள்ளன. 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மும்பைக் கடலிலும், 2018-ஆம் ஆண்டு நவம்பரில் ஆந்திர நாட்டு அமராவதியை அடுத்த கிருஷ்ணா நதியிலும் விசைப்படகுப் பந்தயங்கள் நடைபெற்றன. பின்னதில் ஓடியவை மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்படும் ஆற்றல் வாய்ந்தவை, அவுட்போர்டு பூண்டவை. அவற்றைச் செலுத்துவோர் ஓட்டத்தின் நடுவிலேயே பொத்தானை அழுத்தி யந்திரத்தின் நிலையை மாற்றிக்கொள்வர்.

உயர்த்துவதால் வரும் இழப்பு

ஊதியம் கண்டோம், இனி இழப்பைக் காண்பாம். அது நான்கு வகைப்படும்.

முதலாவது, காற்றுக் கொள்ளுதல். காலில் விசிறிக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தகடு அமைந்திருக்கும். மேலிருந்து காற்று இறங்காமல் தடுப்பதே அதன் பணி. சாதாரணப் படகில் இத்தகடு படகின் அடிமட்டத்திற்கு நேராகவோ, அதற்கு ஓர் அங்குலம் வரை மேலாகவோ நிற்றல் முறை. வேகப்படகில் இன்னும் உயரலாம். அளவு மீறினால் விசிறி காற்றைப் பற்றி, இஞ்சின் திடீரென அலறும், சுற்றுகள் பெருகும், படகோ முன்செல்லாது தளரும். திருப்பத்தில் இஃது எளிதில் நேரும், அப்போது படகு சாய்ந்து விசிறியின் ஒருபுறம் நீர்மட்டத்தை நெருங்குவதால்.

இரண்டாவது, குளிர்நீர்க் குறைவு. பெரும்பாலான யந்திரங்கள் காலின் பக்கத்துளைகளின் வழியே நீரை ஏற்றுத் தம் வெப்பத்தைத் தணித்துக்கொள்கின்றன. கால் உயர்ந்து அத்துளைகள் நீரினின்றும் வெளிப்படுமாயின் இஞ்சின் சில நிமிடங்களில் எரிந்து கெடும். இக்காரணத்தால் பந்தயப் படகுகளில் பேழையின் மூக்கிலேயே நீர்வாய் அமைப்பர். நீரழுத்தம் காட்டும் கருவியையும் கண்முன் வைப்பர்.

மூன்றாவது, பக்கவிசை. பாதி வெளிப்பட்ட விசிறியின் கீழிலைகள் மட்டுமே நீரைத் தள்ளுவதால், அது பழைய துடுப்புச் சக்கரம் போலப் படகின் பின்புறத்தை ஒருபக்கமாக நடத்தும். சுக்கான் பிடிப்பவன் கை அயர்ந்தால் படகு தானே திரும்பும்.

நான்காவது, பிடியற்றுப் போதல். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகங்களில், மழுங்கிய பேழையின் பக்கங்களில் அழுத்தம் குன்றி, காற்று அவ்வழியே இறங்கி விசிறியைச் சூழ்ந்துகொள்ளும். அக்கணத்தில் சுக்கானும் விசிறியும் ஒருங்கே பயனற்றுப் போகும். அவ்வேகத்தில் அஃது உயிர்க்கேடு.

உயரம் ஒன்று, சாய்வு வேறு என்பதையும் மறத்தலாகாது. காலைப் பின்னோக்கிச் சாய்த்தால் படகின் அணியம் மேலெழும். நீரில் நனையும் பரப்புக் குறையும். மிகுதியாகச் சாய்த்தால் படகு ஓங்கில் துள்ளுவதுபோல எழுந்தெழுந்து விழும். உயரக் குறையைச் சாய்வால் மறைக்க முயல்வோர் இரண்டையும் கெடுப்பர்.

அளந்து அறியும் முறை

இத்தனை முரண்பட்ட காரணங்களுக்கிடையே தக்க உயரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? ஊகத்தாலன்று, கணக்கால்.

விசிறி கெட்டிப்பொருளில் துளைத்துச் செல்லும் திருகாணி போன்றதாயின் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறுமோ, அவ்வளவை அதன் பிட்ச் என்பர். 21 அங்குலப் பிட்ச் உடைய விசிறியையும், நிமிஷத்திற்கு 4,800 சுற்று இயங்கும் இஞ்சினையும், ஒன்றரைக்கு ஒன்று எனக் குறைக்கும் பல்சக்கரங்களையும் கொள்வோம். விசிறி நிமிஷத்திற்கு 3,200 முறை சுழலும். 3,200-ஐ 21-ஆற் பெருக்க 67,200 அங்குலம். அஃதாவது 5,600 அடி. மணிக்கணக்கில் ஏறக்குறைய 102 கிலோமீட்டர். ஆனால் நீர் கெட்டிப்பொருளன்று, வழுக்கும். படகு உண்மையில் 90 கிலோமீட்டர் ஓடுமாயின், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு நழுவல் என அறியலாம்.

இந்நழுவலே வழிகாட்டி. ஒரே சுமை, ஒரே எரிபொருள், அமைதியான நீர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் எதிராக ஒருமுறையும் உடனாக ஒருமுறையும் ஓட்டிச் சராசரி காணல் வேண்டும். பின்னர் யந்திரத்தை அரை அங்குலம் மட்டும் உயர்த்தி மறுபடியும் ஓட்டல் வேண்டும். ஒருமுறையில் ஒன்றையே மாற்றுக. விசிறியையும் உயரத்தையும் உடன்மாற்றினால் எதனால் எது விளைந்தது என்பது விளங்காது. உயர்த்துந்தோறும் வேகம் கூடி, நழுவல் ஏறக்குறைய மாறாதிருக்குமாயின் வழி நேரானது. சுற்றுகள் கூடியும் வேகம் கூடாதொழியுமாயின், அல்லது நீரழுத்தம் விழுமாயின், அல்லது மிதமான திருப்பத்தில் விசிறி காற்றுக் கொள்ளுமாயின், எல்லை கடந்தோம் என்பது பொருள். ஒரு படி இறக்கி அங்கே நிறுத்துக. யந்திரம் பின்பலகையினின்றும் பின்தள்ளி அமைந்திருந்தால் அதனை மேலும் உயர்த்தலாம். படகின் அடியைக் கடந்த நீர் பின்னே செல்லச்செல்ல மேலெழுவதே அதற்குக் காரணம். எட்டு முதல் பத்து அங்குலப் பின்னகர்வுக்கு ஓர் அங்குல உயர்வு என்பது கைத்தொழிலாளர் வழங்கும் கணக்கு.

நம் கரையின் விடை

பந்தயப் படகின் இவ்விதியை நம் குப்பங்களின் படகிற்கு அப்படியே பொருத்துதல் கூடுமா? கூடாது. காரணம் நம் கடற்கரையின் இயல்பு. காசிமேட்டில் உள்ளதுபோன்ற துறைமுகம் பட்டினப்பாக்கத்திற்கோ ஊரூர்க் குப்பத்திற்கோ இல்லை. படகு ஒவ்வொரு நாளும் உடையும் அலைகளினூடே சென்று, அலைகளினூடே மீண்டு, மணலில் ஏறுதல் வேண்டும். முன்னாளில் கப்பல்கள் தூரத்தே நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்குகளையும் கரைசேர்த்தன. ஆணியடித்த படகு பிளக்கும் இடத்தில் தைத்த படகு வளைந்துகொடுத்தது. கட்டுமரமோ மூழ்குவதற்கு உள்வெளியே இல்லாதது. துடுப்பாலும் பாயாலும் ஓடிய அவற்றிற்கு விசிறியின் கவலை இருந்ததில்லை.

யந்திரம் வந்தபின் கவலையும் வந்தது. உடையும் அலையின் நுரையில் பாதி காற்று. அங்கே விசிறி ஆழ்ந்து நிற்றல் வேண்டும், இன்றேல் காற்றைப் பற்றி விசை இழக்கும். விசை இழந்த படகை அலை பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும். ஆனால் அதே இடத்தில் மணலோ ஆழமின்றி மேலே நிற்கின்றது. ஆழ்ந்த விசிறி தரையில் மோதி இலை முறியும், தண்டு வளையும். ஆழ்த்தவும் வேண்டும், உயர்த்தவும் வேண்டும். அதுவும் சில நொடிகளுக்குள். நிலையான உயரம் எதுவாயினும் இங்கே பிழையே.

இச்சிக்கலை அறிஞர் சிலர் நம் நகரத்திலேயே ஆராய்ந்தனர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தார் 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் அலுவலகம், மயிலாப்பூரை அடுத்த அபிராமபுரத்தில், செயின்ட் மேரீஸ் சாலையில் அமைந்திருந்தது. நார்வே நாட்டுப் படகுச் சிற்பியாகிய ஓய்விண்ட் குல்பிராண்ட்ஸன் முதலியோர் அலைக்கரையில் இறங்கத்தக்க படகுகளை அத்திட்டத்தில் வகுத்துச் சோதித்தனர். அவற்றிற்கென அமைந்த பாப் டிரைவ் என்னும் அமைப்பில், சிறு டீசல் இஞ்சினும் தண்டும் விசிறியும் சுக்கானும் ஒரே அங்கமாக இணைந்து ஓர் அச்சின்மேற் சாய்ந்தெழும். தண்டு படகைக் கடக்கும் இடத்தில் ரப்பர் உறையொன்று நீரைத் தடுக்கும். கரையை அணுகும்போது விசிறியை மேலே இழுத்துக்கொள்ளலாம்.

2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நாரிழைப் படகுகள் நம் கரையில் மிகப் பெருகின. அவற்றுட் பலவற்றில் காணப்படும் நீள்தண்டு இஞ்சின் இன்னும் எளிய விடை. பின்புறத்தில் ஓர் அச்சின்மேல் இஞ்சின் நிற்கின்றது. அதனினின்றும் நீண்ட தண்டு பின்னே சென்று நுனியில் விசிறியைத் தாங்குகின்றது. பிடியை அழுத்தினால் விசிறி எழும், விட்டால் இறங்கும். அமரத்தில் நிற்பவர் அலையைப் பார்த்து, இஞ்சின் ஒலியைக் கேட்டு, நொடிக்கு நொடி உயரத்தை மாற்றுகின்றார். ஒலி அலறினால் காற்று, கனத்தால் ஆழம். பந்தய வீரன் பொத்தானாலும் கருவிகளாலும் செய்வதை இவர் கையாலும் செவியாலும் செய்கின்றார். மூடாது சுழலும் தண்டு ஆபத்தானது என்பதும், சாய்ந்த தண்டு விசையில் ஒரு பங்கை வீணாக்கும் என்பதும் உண்மையே. ஆயினும் உயரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் வசதி அக்குறைகளினும் பெரிது என்பதை அனுபவமே நிலைநாட்டியுள்ளது.

அவுட்போர்டு வாங்குவோர்க்கும் ஒரு சொல். அவற்றின் தண்டு 15, 20, 25 அங்குலம் என்னும் அளவுகளில் வருகின்றது. 20 அங்குலம் உயர்ந்த பின்பலகையில் 15 அங்குலத் தண்டைப் பொருத்தினால் அமைதியான நீரில் ஓடக்கூடும். அலையில் பின்புறம் எழும்போது ஒவ்வொரு முறையும் விசிறி காற்றைப் பற்றும். விலைமலிவைக் கருதி இப்பிழையைச் செய்வோர் அதன் விலையை அலைவாயில் கொடுக்க நேரும். மெல்லச் செல்லும் படகில் காலை உயர்த்துவதால் வரும் வேக ஊதியம் மிகச் சிறிது. பிடியை இழப்பதால் வரும் கேடோ பெரிது. ஆகவே வலைப்படகிற்கு ஆழமே காப்பு. மணலை அணுகும்போது மட்டும் உயர்வு காப்பு.

நம் கல்லூரி மாணவருள் பௌதிகம் பயில்வோர் வேகத்தின் இருமடி, மும்மடி விதிகளைக் கரும்பலகையில் எழுதிக் கற்கின்றனர். அடையாற்றிலுள்ள ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையில் மாதிரிப் படகுகளை நீண்ட நீர்த்தொட்டியில் இழுத்து அத்தடைகளை அளக்கின்றனர். அவ்விரு இடங்களுக்கும் தொலைவிலில்லாத குப்பத்தில் அதே விதிகள் எண்ணின்றிக் கையாளப்படுகின்றன. எண்ணுடையார் அங்கே சென்று பார்ப்பதும், கையுடையார் எண்ணை அறிவதும் இருசாரார்க்கும் நன்மை பயக்கும். எரிபொருளின் விலை ஏறிவரும் இந்நாளில், அரை அங்குலம் ஏற்றி இறக்கி அளந்து பார்க்கும் பொறுமை ஒரு குடும்பத்தின் வருவாயைக் காக்கக்கூடும். அலைவாயில் உயிரையும் காக்கக்கூடும்.